கிட்டிலிருந்து ஒரு கோப்பை எடுக்கும்போது

நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களோடு முதல் வாரமே டெர்மினலைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, .என்வி ஃபைலை கிட்இக்னோரில் போட்டுவிட்டேன். ஆனாலும் ஸ்டேட்டஸில் வந்துகொண்டே இருக்கிறதே?" .என்வி என்பது கடவுச்சொல் போன்ற அமைப்புகளை வைக்கும் கோப்பு; கிட்இக்னோர், கிட் சேர்க்கக் கூடாத கோப்புகளின் பட்டியல்; ஸ்டேட்டஸ், மாறிய கோப்புகளைக் காட்டும் கட்டளை.

கிட் ஏற்கெனவே கண்காணிக்கத் தொடங்கிவிட்ட கோப்பை கிட்இக்னோர் தொடாது. அது இன்னும் உள்ளே சேராத கோப்புகளுக்குத்தான். சேர்ந்துவிட்டதை இப்படி எடுக்க வேண்டும்:

கிட் ஆர்எம் --கேஷ்டு .என்வி

கோப்பு உங்கள் கணினியில் அப்படியே இருக்கும். --கேஷ்டு போடாவிட்டால் டிஸ்கிலிருந்தும் போய்விடும். முழு ஃபோல்டர் என்றால் -ஆர் சேருங்கள். அதற்கு முன் -என் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; எதையும் நீக்காமல், எதெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும். இந்தப் பழக்கத்தில் நான் கறாராக இருப்பேன்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. --கேஷ்டு போட்டு கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து) புஷ் செய்தால் (குழுவின் பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்பினால்) உங்கள் கோப்பு பத்திரமாக இருக்கும். ஆனால் அந்த கமிட்டை புல் செய்பவரின் (அங்கிருந்து இறக்கிக்கொள்பவரின்) கணினியில் அந்தக் கோப்பு நீங்கிவிடும்! புஷ் செய்வதற்கு முன் குழுவில் ஒரு வார்த்தை சொல்லி, நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சரி, கோப்பில் கடவுச்சொல் இருந்தால்? பழைய கமிட்டைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும். அதனால் முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வரலாற்றை கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைக் கொண்டு திருத்துவது அப்புறம்தான். திருத்தினால் கமிட் ஹாஷ்கள் (ஒவ்வொரு கமிட்டின் அடையாளக் குறியீடுகள்) மாறிவிடும். எல்லோரும் புதிதாக க்ளோன் செய்துகொள்வது (முழு நகலை இறக்கிக்கொள்வது) நல்லது.