மேஸ்திரி போடும் சத்தம்

எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் "என்ன டெஸ்ட்?" என்று கேட்டால் பாதிப் பேர், "எனக்குத் தைராய்டு இருக்கு" என்பார்கள். தைராய்டு என்கிற சுரப்பி எல்லாருக்கும்தான் இருக்கிறது, கழுத்தில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லித் திருத்தப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பாடம் எடுத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? விட்டுவிட்டேன். ஆனால் அதே மாதிரி ஒரு சொல்லை நானே யோசிக்காமல் விட்டு, ஒரு அம்மாவை இரண்டு மாதம் படுத்தி எடுத்திருக்கிறேன்.

விருதுநகர் பக்கம் ஒரு சிறிய ஊர். பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக் கடை வைத்திருந்த அக்கா அவர். தைராய்டு சரியாகச் சுரக்காததால், அது சுரக்க வேண்டிய தைராக்சினைத் தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.எச். என்கிற ஹார்மோன் 9.2 வந்திருந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "கூடியிருக்கா குறைஞ்சிருக்கா தம்பி?" என்றார். நான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூடியிருக்குக்கா, டாக்டரைப் பாருங்க" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. ஆடி மாதம், கோயில் கொடை, கடையில் கூட்டம். தைராய்டு கூடிவிட்டது என்றால் மாத்திரையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று அவராகவே கணக்குப் போட்டு, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. சர்க்கரை கூடினால் சர்க்கரையைக் குறைக்கிறோம், உப்பு கூடினால் உப்பைக் குறைக்கிறோம். இரண்டு மாதம் கழித்து முகம் ஊதி, குரல் கரகரத்து, இட்லித் தட்டைத் தூக்க முடியாமல் வந்து நின்றார். டி.எஸ்.எச். 41.

அன்று மாலை டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். "மேஸ்திரியைப் பார்த்திருக்கியாப்பா?" என்று ஆரம்பித்தார். "கழுத்துல இருக்கிற தைராய்டு சித்தாள். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி மேஸ்திரி. டி.எஸ்.எச்.ங்கிறது மேஸ்திரி போடுற சத்தம். ஆள் மசமசன்னு வேலை பார்த்தா சத்தம் கூடும். நீ சத்தம் கூடியிருக்குன்னு சொன்னே. அந்தம்மா வேலை கூடிருச்சுன்னு எடுத்துக்கிட்டாங்க."

பாடப் புத்தகத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து சொன்ன ஒரு வார்த்தை அடுப்படியில் போய் எப்படி நேர்மாறாக மாறும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குப் பிறகு நான் கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு என்று சொல்வதே இல்லை. "மாத்திரை பத்தலை போல இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா எதையும் மாத்தாதீங்க" என்பேன்.

அப்புறம் டாக்டர் செய்ததுதான் எனக்குப் புதிதாக இருந்தது. மாத்திரையை 100 ஆக்குவார் என்று எதிர்பார்த்தேன். பழையபடி 75தான் எழுதினார். ஆனால் கால் மணி நேரம் உட்கார வைத்து அந்த அக்காவின் காலையைப் பற்றி விசாரித்தார். எத்தனை மணிக்கு எழுவது, எழுந்ததும் என்ன சாப்பிடுவது, வேறு என்ன மாத்திரை. நாலு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்ததும் முதல் வேலை ஒரு டம்ளர் காபி. அந்தக் காபியோடுதான் தைராய்டு மாத்திரை. ஐந்து நிமிடம் கழித்து, மறந்துபோகும் என்று, முழங்கால் வலிக்கு யாரோ எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை. தைராக்சின் குடலில் ஏறுவதைக் காபியும் தடுக்கும், கால்சியமும் தடுக்கும், இரும்புச்சத்து மாத்திரையும் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். நாலு மணிக்கு எழுந்து நூறு பேருக்கு இட்லி அவிக்கிறவரிடம், ஒரு மணி நேரம் காபி குடிக்காமல் இருங்கள் என்றால் நடக்கிற காரியமா? டாக்டர் நேரத்தையே மாற்றினார். ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, பத்தரைக்குக் கடை எடுத்துவைத்துவிட்டுப் படுக்கப்போகும்போது மாத்திரை. கால்சியம் மதியத்துக்குப் போனது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 2.8.

எட்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அளவை மாற்றினால் ரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். மேஸ்திரியின் கோபமும் அவ்வளவு மெதுவாகத்தான் தணியும். மாத்திரை மாற்றிப் பதினைந்தாம் நாளே "பார்த்துடலாமே" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்தால் டெஸ்ட் எடுக்க வேண்டியதுதான் என் வேலை. ஆனாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு இது பிடிக்காது.

இந்த மெதுவான கணக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டிக் கொடுக்கும். ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர், மூன்று தடவையும் ஒரே மாதிரி விசித்திரமான ரிப்போர்ட். டி.எஸ்.எச். 22, ஆனால் ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் வேலைக்குத் தயாராக இருக்கிற தைராக்சின், 1.7, மேல் எல்லையை ஒட்டி. வேலை ஜரூராக நடக்கிறது, மேஸ்திரியும் கத்திக்கொண்டே இருக்கிறார். மெஷினில் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன், அதே எண். டாக்டர் சிரித்தார். வீட்டுக்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் சித்தாள் ஓடி ஓடிச் செங்கல் தூக்குகிற கதை. மாதக்கணக்கில் மாத்திரையைத் தொடாமல், டெஸ்டுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மட்டும் ஒழுங்காக, சில சமயம் இரண்டிரண்டாகவும் போட்டிருக்கிறார். ரத்தத்தில் தைராக்சின் உடனே ஏறிவிட்டது, டி.எஸ்.எச். இறங்க அந்த நாலு நாள் போதவில்லை. இந்த எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டியிருந்தால், என்றைக்காவது அவர் உண்மையிலேயே தினமும் போட ஆரம்பிக்கும்போது நெஞ்சு படபடத்திருக்கும்.

டி.எஸ்.எச். சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலமும் உண்டு. அதை உடைத்தது ஒரு இளம் பெண்ணின் ரிப்போர்ட். டி.எஸ்.எச். 2.1. நானே "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுந்து நடக்கவே தெம்பில்லாதவள் போலிருந்தாள். மறுநாள் டாக்டர் அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4 போடச் சொன்னார். 0.4. குறைந்தது 0.8 இருந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருக்கிறது, அதன் பிறகு பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் வரவில்லை. ரத்தப்போக்கில் பிட்யூட்டரியே அடிபட்டுப்போயிருந்தது. ஷீஹன் நோய் என்று பெயர். மேஸ்திரியே படுத்துவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே தைராக்சினுக்கு முன்னால் ஸ்டீராய்டு மாத்திரையைத்தான் தொடங்கினார்களாம். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கிற அட்ரீனல் சுரப்பியும் அதே மேஸ்திரியை நம்பித்தான் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் தைராக்சினைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. "நார்மல்" என்ற சொல்லையும் அன்றிலிருந்து அளந்துதான் செலவு செய்கிறேன்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் தனி ரகம். எங்கள் மெஷின் வேலை செய்வதே பயோட்டினை ஒட்டவைத்துத்தான். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வரச் சொல்வோம். தைராய்டு குறைவாக இருப்பதாலேயே முடி கொட்டி, அதற்காகப் பயோட்டின் போட்டு, அது தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்புவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

அளவைக் கூட்டாமல் விடுவதும் வைத்தியம்தான் என்று நான் புரிந்துகொள்ள நாளானது. எழுபத்தெட்டு வயதுத் தாத்தா, டி.எஸ்.எச். 6.1, ஃப்ரீ டி4 ஒழுங்காக இருந்தது. மாத்திரை இல்லாமலே அனுப்பினார் டாக்டர், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி. வயதானால் அந்த எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதை இழுத்துப் பிடித்து இறக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயலாம். கர்ப்பிணிகளுக்கு நேர் எதிர். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் நாள் தள்ளிப்போய் கர்ப்பம் என்று தெரிந்ததுமே அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பது ஆக்கிவிட்டு, நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பார்கள். அதுவும் டாக்டர் கணக்குதான்.

இப்போது எங்கள் ஃபாரத்தில் தைராய்டு டெஸ்டுக்கு மட்டும் அடியில் பேனாவால் நாலு கேள்வி எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு மாத்திரை போட்டுவிட்டீர்களா? எதோடு போடுவீர்கள்? கடைசியாக எப்போது விட்டுப்போனது? வேறு என்ன மாத்திரை? முதல் கேள்விக்குக் காரணம், மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ஃப்ரீ டி4 உச்சத்தில் இருக்கும். ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் வர நேரமாகும். வீட்டுக்காரரோ மாமியாரோ பக்கத்தில் நின்றால் "விட்டதே இல்லை" என்பார்கள். ஊசி போட உள்ளே தனியாக வந்ததும், "போன வாரம் ஊருக்குப் போயிருந்தோம்ணே, புட்டியை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்" என்பார்கள். அதையும் ஓரத்தில் எழுதி டாக்டருக்கு அனுப்பிவிடுவேன். காலை வரிசை இதனால் கால் மணி நேரம் இழுக்கிறது என்று முதலாளிக்கு இன்னும் வருத்தம்தான்.