பெரியம்மாவின் உயிலும் இரண்டு சாட்சிக் கையெழுத்துகளும்

என் பெரியம்மாவின் உயில் ஒருவழியாகப் பதிவாகிவிட்டது. அந்த நிம்மதி ஒருபுறம் இருந்தாலும், அதைச் சட்டப்படி முடிப்பதற்குள் சந்திக்க நேர்ந்த அலட்சியத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பெரியப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் அவர் குடியிருக்கும் வீடு, அவரே சம்பளத்தில் சேமித்து வாங்கியது. அதைத் தம்மைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் என் தங்கைக்குக் கொடுக்க விரும்பினார். உயில் எழுதாமல் போனால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கணவனும் பிள்ளைகளும் இல்லாத பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் முதலில் கணவனின் வாரிசுகளுக்கே போகும். ஆண்டுக்கணக்கில் முகம் காட்டாத உறவினர்களுக்கு வீடு போய்ச் சேரும் என்பது தெரிந்த நாளிலிருந்து பெரியம்மாவுக்கு நிம்மதியே இல்லை.

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல், சொத்து விவரம் ஆகியவை எல்லாம் சிக்கலின்றிக் கிடைத்தன. சிக்கல் ஆவண எழுத்தரிடம் தொடங்கியது. முத்திரைத்தாள் வாங்கி வரச் சொன்னார். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, வெள்ளைத்தாளே போதும் என்று சொல்லி அதைத் தவிர்த்தோம். அடுத்த முறை சென்றபோது அவர் நீட்டிய இறுதிப் படியைக் கண்டு திகைத்தேன். பெரியம்மா இன்னும் ஒரு பக்கத்தில்கூடக் கையெழுத்திடவில்லை. கடைசிப் பக்கத்திலோ சாட்சிகள் என்ற இடத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். யார் என்று கேட்டதற்கு, "நம்ம ஆளுங்கதான் சார், வழக்கமாப் போடுறவங்க" என்றார். அந்த இருவரும் பெரியம்மாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது மிகத் தெளிவானது. உயில் எழுதுபவர் கையெழுத்தோ கைரேகையோ இட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் இடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும்; அதன்பின் ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இவ்வளவு இளகிய சட்டத்தையும் மீறி, எழுதியவர் கையெழுத்திடும் முன்பே சாட்சிகளிடம் வாங்கி வைத்தால், பின்னாளில் யாராவது வழக்குத் தொடுத்தால் அந்தத் தாள் எதற்கும் பயன்படாது. இதைச் சொன்னபோது, "எல்லாருக்கும் இப்படித்தான் செய்யிறோம், இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். வாக்குவாதத்துக்குப் பிறகே வேறு படி அச்சிட்டுத் தந்தார். பழைய படியை அங்கேயே கிழித்துப் போடச் சொன்னேன். நீங்களும் அதில் உறுதியாக இருங்கள்.

சாட்சிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எங்கள் கவனம் முழுவதும் போயிற்று. உயில் மெய்ப்பிக்கப்பட வேண்டுமென்றால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளும் இருக்கும்வரை, அவரை அழைத்து விசாரித்தே ஆக வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சட்டத்தின் 67ஆம் பிரிவாக உள்ளது. அழைக்கப்படும் அந்த ஒருவர் தம் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. மற்றச் சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டதைச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவேதான், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். பெரியம்மாவின் வயதொத்த தோழிகளை விட்டுவிட்டு, நாற்பதுகளில் உள்ள பழைய மாணவர் ஒருவரையும், அடுத்த தெருவில் மருந்துக்கடை நடத்துபவரையும் கேட்டுக்கொண்டோம். இருவருக்கும் உயிலில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களுடைய முழு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் உயிலிலேயே எழுதச் சொன்னேன்.

குடும்ப மருத்துவர் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார். பிற்காலத்தில் நீதிமன்றத்துக்கு அலைய முடியாது என்றார். அது வருத்தம்தான். ஆனாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்து பரிசோதித்து, பெரியம்மா தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று சான்று எழுதித் தந்தார். பெரியம்மாவின் கை நடுக்கத்தால் கையெழுத்து வங்கியில் உள்ளதைப் போல அமையாது என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தோடு இடது பெருவிரல் ரேகையையும் பதித்தோம். எல்லாம் முடிந்த பிறகு மருந்துக்கடைக்காரர், கதவு எண் பழையதாக அச்சாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். தொலைபேசியில் கேட்டதற்கு ஆவண எழுத்தர், பேனாவால் திருத்திவிட்டால் போதும் என்றார். போதாது. கையெழுத்துக்குப் பின் செய்யும் திருத்தத்துக்கு, அதன் அருகே ஓரத்தில் எழுதியவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட்டால்தான் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி அது செல்லும். அனைவரும் கலைந்து போகும் முன் அது கண்ணில் பட்டது பெரிய புண்ணியம்.

உயிலைப் பதிவு செய்வது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயமில்லை. கணவன் வழி உறவினர்கள் தகராறு செய்யக்கூடும் என்பதால் நாங்கள் பதிவை விரும்பினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் நாள் வீணாயிற்று. மேசையில் இருந்த உதவியாளர், வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். தம் சொத்தைத் தாம் எழுதி வைப்பவரிடம் அப்படிக் கேட்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று பொறுமையாகச் சொல்லி அதைக் கடந்தோம். அடுத்து, சாட்சிகளில் ஒருவர் ஆதார் அட்டையைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தார். அசல் வேண்டும் என்றார்கள். "வாசலில் நிற்கிற யாரையாவது கூப்பிட்டு சாட்சி போடச் சொல்லுங்க" என்று யோசனையும் வந்தது. முன்பின் தெரியாத ஒருவரைப் பத்தாண்டு கழித்து எங்கே போய்த் தேடுவது? முட்டிவலியோடு மணிக்கணக்கில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனேன். நடக்க முடியாதவர்களாக இருந்தால், பதிவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி தகுந்த காரணம் காட்டிப் பதிவு அலுவலரையே வீட்டுக்கு வரக் கோரலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவின்போது ஆளை அடையாளம் காட்டிக் கையெழுத்திடுபவர்களும், பதிவு அலுவலரும், அதனாலேயே உயிலின் சாட்சிகளாகிவிட மாட்டார்கள். 1969லேயே உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டது. பதிவாகிவிட்டது என்ற தைரியத்தில் சாட்சிப் பகுதியை ஏனோதானோ என்று விடாதீர்கள்.

மறுமுறை சென்றபோது சார்பதிவாளர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெரியம்மாவிடம் தனியாகப் பேசினார். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டதற்கு, "வீடு வாங்கும்போதும் யாரும் கூட இல்லை; கொடுக்கும்போதும் யாரும் சொல்ல வேண்டியதில்லை" என்று பெரியம்மா பதில் சொன்னாராம். வெளியே வந்து அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சொத்தைப் பெறப்போகும் என் தங்கையை எழுதும் நாளிலும் பதிவு நாளிலும் அருகிலேயே வர விடவில்லை. பயன்பெறுபவர் முன்னின்று செய்த உயிலை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கும். அதே காரணத்துக்காக, கணவன் வழி உறவினர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதையும் பெரியம்மா தம் வார்த்தையில் இரண்டு வரி எழுதச் செய்திருந்தார்.

பதிவான உயில், சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கென்று உள்ள மூன்றாம் புத்தகத்தில் ஏறும். பெரியம்மா உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு எவருக்கும் நகல் தர மாட்டார்கள். அசலை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள்; பெட்டகம் பெரியம்மாவின் பெயரில் மட்டும் இருப்பதால், அவருக்குப் பின் அதைத் திறப்பதே தனிப் போராட்டமாகிவிடும். அதனால் மருத்துவச் சான்றையும் சாட்சிகளின் அடையாள நகல்களையும் சேர்த்து ஓர் உறையில் இட்டு, உயிலை நிறைவேற்றுபவராகக் குறிக்கப்பட்டுள்ள என் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டோம்.