விமானி பார்க்க வேண்டிய கோணம்

இறக்கையின் நாண்கோட்டுக்கும் (முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் நேர்கோடு) இறக்கையை நோக்கி வரும் காற்றோட்டத்துக்கும் இடையே உள்ள கோணமே தாக்குகோணம். அது கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும்; ஆனால் பெரும்பாலான சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து, தூக்குவிசை சரிந்துவிடுகிறது. இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள்.

விமானிகளோ பெரும்பாலும் வேகமானியைப் பார்த்தே ஸ்டாலைத் தவிர்க்கப் பழகுகிறார்கள். கையேட்டில் உள்ள ஸ்டால் வேகம் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் நேரான பறத்தலுக்கும் மட்டுமே பொருந்தும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கை இருமடங்கு பாரத்தைச் சுமப்பதால், அந்த வேகம் ஏறத்தாழ 41 சதவீதம் உயர்ந்துவிடும். ஸ்டால் ஆகும் கோணம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எடை எதுவானாலும் சரியான அணுகுவேகத்தை அந்தக் கோணமே உணர்த்திவிடும் என்பதால்தான், விமானந்தாங்கிக் கப்பல்களில் இறங்கும் அமெரிக்கக் கடற்படை விமானிகள் நெடுங்காலமாகத் தாக்குகோணக் காட்டியை நம்புகிறார்கள்.

பயணிகள் விமானங்களில் இது கட்டாயமாகாதது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல், வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்கள் பனியால் அடைபட்டு வேக அளவீடுகள் பொய்த்தன. பின்னர் தாக்குகோணம் 35 பாகைக்கும் மேலே போனது. அளக்கப்பட்ட வேகம் 60 நாட் (knot, மணிக்கு ஏறத்தாழ 111 கி.மீ.) அளவுக்குக் கீழே இறங்கியபோது கணினி அந்தக் கோணத்தைச் செல்லாததாகக் கருதியதால் ஸ்டால் எச்சரிக்கை நின்றுபோனது. மூக்கைத் தாழ்த்தியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, அது மீண்டும் ஒலித்தது. கோணத்தை நேராகக் காட்டும் கருவி இருந்திருந்தால் விமானம் நிச்சயம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விமானிகளுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். பிரெஞ்சு விபத்து விசாரணை அமைப்பும் இத்தகைய காட்டியைக் கட்டாயமாக்குவதன் பொருத்தத்தை ஆராயுமாறு 2011இல் பரிந்துரைத்தது.

கோணத்தை அளக்கும் உணரியே பிழைபட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2018 அக்டோபரில் 189 பேர் இறந்த லயன் ஏர் 610இல் (போயிங் 737 மேக்ஸ் விமானம்) இருபக்க உணரிகளின் அளவீடுகளும் ஏறத்தாழ 20 பாகை வேறுபட்டன. தாக்குகோணம் மிகும்போது தானாகவே மூக்கைத் தாழ்த்தும் எம்காஸ் அமைப்போ ஒரே உணரியை நம்பி மூக்கைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. உணரிகள் முரண்படுவதை அறிவிக்கும் எச்சரிக்கை, விருப்பத் தேர்வான தாக்குகோணக் காட்டியை வாங்கிய மேக்ஸ் விமானங்களில் மட்டுமே இயங்கியது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இரு உணரிகளின் அளவும் இரு விமானிகளின் திரைகளிலும் தெரிய வேண்டும். முரண்பாடு எழுந்தால் அந்தக் காட்டியின் அருகிலேயே எச்சரிக்கை தோன்ற வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இருக்கக் கூடாது.