துணி மூட்டை குறைய வேண்டுமானால் அடித்துணியில் கை வையுங்கள்

செட்டிநாட்டு வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றுதான்: ஓரம் நைந்த கண்டாங்கிச் சேலைகள், விசேஷங்களில் வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கைத் துணிகள், பழைய எட்டு முழ வேட்டிகள். தைக்கிற வீடு என்றால் பாதியில் நின்ற இரண்டு மூன்று ஒட்டுப் போர்வைகளும் அடியில் இருக்கும்: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கித் தைக்கிற போர்வைகள்.

மூட்டையைக் குறைக்கலாம் என்று உட்காருகிறவர்கள் புதிதாக ஒரு மேல்துணியை ஆரம்பிப்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. 60க்கு 90 அங்குலப் போர்வையின் மேல்துணிக்கு, தையலுக்குள் கால் அங்குலம் போனாலும், ஐந்து அங்குலமாக வெட்டிய சதுரங்கள் 280 போதும். 80 செ.மீ. நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள ஒரு ரவிக்கைத் துணியில் 42 சதுரம் தேறும். ஆக ஏழு துணியோடு வேலை முடிந்தது. அதே போர்வையை முழுதாக முடிக்க அடியில் ஒரு சேலையின் பாதிக்கு மேல் போகும், நடுவில் இரண்டு வேட்டி போகும், விளிம்புக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் போகும். மேல்துணி துணுக்கைத்தான் தின்னும். மூட்டையைத் தின்பது நடுத்துணியும் அடித்துணியும். அதனால் பாதியில் நின்றதை முதலில் முடியுங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த சேலையில் மடிப்புக் கோடு நெடுகிலும் இழை அறுந்திருக்கும். மற்ற இடம் கெட்டியாக இருக்கும். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாவு (நெடுக்கு இழை) வாட்டில் ஒருமுறை, ஊடை (குறுக்கு இழை) வாட்டில் ஒருமுறை இழுங்கள். ‘சர்’ரென்று விட்டால் அந்த இடம் போர்வைக்கு ஆகாது. மடிப்புக் கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் கழித்து வெட்டினால் மிச்சம் உதவும். உடல் கெட்டியாக இருக்கிற கண்டாங்கியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. கட்டிக்கொள்ள ஆள் இருக்கும்வரை கத்தரிக்கு வேலை இல்லை.

பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாகச் சுருளும். இரண்டும் கலந்தது என்றால் சாம்பலுக்குள் கெட்டியான துகள் கையில் நெருடும்.

அடுத்தது சாயம். கண்டாங்கியின் அரக்கையும் கறுப்பையும் வெள்ளைத் துணியோடு சேர்க்கும் முன் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக, தண்ணீர் தெளிகிறவரை அலசுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எல்லாச் சாயத்துக்கும் அது பலிப்பதில்லை. நாலைந்து அலசலுக்குப் பிறகும் இறங்கினால் வெள்ளையோடு சேர்க்கவே வேண்டாம், கறுப்பும் அரக்குமாக ஒரு போர்வை போட்டுவிடுங்கள். கண்டாங்கிக் கட்டத்தில் அது ஆத்தங்குடிப் பூக்கல் தரை மாதிரி நிறைவாக இருக்கும். ஒருமுறையும் தண்ணீர் படாத ரவிக்கைத் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகே வெட்ட வேண்டும்.

போர்வை பாதியில் நிற்பதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொன்னாலும், விரித்துப் பார்த்தால் ஏதோ ஒரு கோளாறு கண்ணில் படும். அதிகம் பார்க்கிற கோளாறு, சுற்றுக்கரை (மேல்துணியைச் சுற்றித் தைக்கிற பட்டை) அலை அலையாகத் தூக்கி நிற்பது. நீளப் பட்டையை அளக்காமல் மேல்துணியின் ஓரத்தோடு ஓட்டித் தைத்து, மிச்சத்தை நறுக்கிவிடுவதால் வருவது இது. ஓரம் கையாளக் கையாள இழுபட்டு நீளும். பட்டையும் அந்த நீளத்துக்கே போய்விடும். தையலைப் பிரித்து, மேல்துணியின் நட்டநடுவில் மேலிருந்து கீழ் அளந்து, அந்த அளவுக்கே பட்டையை வெட்டுங்கள். முதலில் நடுவையும் இரண்டு முனைகளையும் குண்டூசியால் குத்திவிட்டு, இடையில் மிகுகிற ஓரத் துணியைச் சமமாகப் பங்கிட்டுத் தைத்தால் அலை அடங்கும்.

இன்னொன்று கனம் மாறுவது. கெட்டிக் கண்டாங்கிக்குப் பக்கத்தில் மெல்லிய மல் துணியை வைத்தால் கனத்தது இழுக்கும், மெல்லியது கொசுவிக்கொள்ளும். மல் துணிக்கு அடியில் அதே அளவில் இன்னொரு மல்லை வைத்துத் தைத்தால் போதும். கைத்தறிப் பழஞ்சேலையில் தையலுக்குள் கால் அங்குலம் மட்டும் விட்டால் இரண்டு துவைப்பில் இழை பிரிந்து வாயைப் பிளக்கும். அரை அங்குலம் விடுங்கள். அப்போது ஆறு அங்குலச் சதுரமாக வெட்டினால் தைத்த பின் ஐந்து அங்குலம் நிற்கும். 12க்கு 18 என்று 216 சதுரம், சரியாக 60க்கு 90. கனத்த துணியில் தையலை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இரண்டு பக்கமும் விரித்துத் தேயுங்கள். இல்லாவிட்டால் நாலு மூலை சேருமிடத்தில் மிஷினின் பாதம் ஏறாது. ஊசி 16 நம்பர், தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர், நூல் பருத்தி.

அடித்துணி சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக, 64க்கு 94 வேண்டும். 48 அங்குல அகலச் சேலையில் 64 அங்குலத் துண்டு இரண்டு வெட்டி, அகலத்தோடு அகலம் அரை அங்குலம் விட்டு இணைத்தால் 95 அங்குலம் வந்துவிடும். போனது சுமார் மூன்றேகால் மீட்டர். 50 அங்குல அகலமுள்ள எட்டு முழ வேட்டியும் இதே வெட்டில் நடுத்துணி ஒரு அடுக்காகும். நம் பக்கத்து வெயிலுக்குப் பஞ்சு வைத்தால் புழுங்கும்; வேட்டி இரண்டு அடுக்கு தாராளம். வேட்டியை இணைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துத் தளர்வாகக் கையால் கோத்துவிடுங்கள்; மேடு தட்டாது. மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரட்டும்.

அடுக்குவதற்கு வீட்டின் இரண்டாங்கட்டுத் தரை வழவழப்பாக வாகாயிருக்கும். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, காகித டேப்பால் நாலு பக்கமும் ஒட்டுங்கள். விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்துணியைக் கொசுவ வைக்கும். உள்ளங்கையால் நீவிவிட்டாலே போதும். பிறகு நடுத்துணி, மேல்துணி. நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, ஆறு அங்குலத்துக்கு ஒரு வரிசை, மூன்று அங்குல நீளத்தில் பெரிய ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் உபரித் துணியெல்லாம் நடுவில் வந்து சேரும். அதை அப்புறம் எதுவும் செய்ய முடியாது. நிரந்தரத் தையலையும் நடுவிலிருந்தே ஓட்டுங்கள்.

விளிம்புக்கு இரண்டரை அங்குலப் பட்டை எட்டு, 44 அங்குல அகலத் துணியில் அரை மீட்டருக்குச் சற்று மேல் செலவு. சுற்றளவு 300 அங்குலம்; சாய்வாக இணைத்தது போகவும் மிஞ்சும். கண்டாங்கிக் கரையை விளிம்பாக வைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது விறைப்பு, மூலையில் மடியாது. அதைத் தலையணை உறைக்கு வையுங்கள்.

இரண்டு அங்குலத்துக்குக் கீழான பருத்தித் துணுக்கெல்லாம் சும்மாட்டுக்குள்ளும் அடுப்படிப் பிடிதுணிக்குள்ளும் போகட்டும். பிடிதுணியில் பாலியஸ்டர் ஒரு துண்டுகூடக் கூடாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

முடித்த போர்வையைக் கஞ்சி போடாமல் எடுத்து வையுங்கள். ராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடித்தான் வரும். பாலிதீன் உறை வேண்டாம், உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். துவைத்த நாலு முழ வேட்டியில் சுற்றி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள்.