இது ஒமார் செய்த கட்டிலா?

பார்சிலோனாவில் பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். 1900-ஐ ஒட்டிய கட்டிலோ அலமாரியோ வந்து இறங்கினால், சொந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இது ஒமார் செய்ததா?” கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து மரச்சாமான் கலைஞர் கஸ்பார் ஒமாரின் பெயர் ஒட்டிக்கொண்டால் ஏலத்தில் விலை எங்கோ போய்விடும். ஆனால் வேலை மேசையில் கட்டிலைக் கிடத்திய பிறகு எங்களுக்கு வேறு கேள்விகள்தான் முக்கியம். மரத்தின் மேலுள்ள படத்தை வரைந்தது யார், அதற்கான மெல்லிய மரத்தகட்டை வெட்டியது யார், ஒட்டியது எப்படி, பிறகு யார் யார் கை வைத்தார்கள்?

ஒமார் பெரிய கலைஞர்தான், அதில் சந்தேகமில்லை. 1870-ல் மயோர்க்கா தீவின் புன்யோலாவில் பிறந்து, சிறு வயதிலேயே பார்சிலோனாவுக்கு வந்து, பிரான்செஸ்க் விதாலின் பட்டறையில் தொழில் பழகி, 1893-ல் சொந்தக் கடை வைத்தவர். ஆலையிலும் கடல் கடந்த வணிகத்திலும் பணம் பார்த்த குடும்பங்கள் பார்சிலோனாவின் எய்ஷாம்ப்ள பகுதியில் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. விளக்கு, சுவர்ப்பலகை, கட்டில், சோபா என்று வீட்டின் உள்ளலங்காரம் முழுவதையும் அவர் ஏற்றுச் செய்தார். கட்டடக் கலைஞர் தொமேனெக் இ மொன்டனேர் கட்டிய லியோ மொரேரா இல்லத்துக்கு அவர் செய்துகொடுத்த சாமான்களை, இன்று மொன்ட்ஜுயிக் குன்றின் மேலுள்ள கத்தலோனியா தேசியக் கலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அங்கே அந்தச் சாமான்களில் மெல்லிய மரத்தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்த மரப்பதிப்புப் படங்களின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு மற்றவர்களின் பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். உருவங்களை வரைந்தவர் ஓவியர் ஜுசெப் பெய். முகத்தையும் கைகளையும் மெல்லிய புடைப்பாகச் செதுக்கியவர் சிற்பி ஜுவான் கர்ரேராஸ். தகடுகளை வெட்டிப் பதித்தவர் ஜுவான் சகார்ரா. இவர்கள் எல்லோரையும் ஒரே பலகைமேல் கொண்டுவந்து சேர்த்ததுதான் ஒமாரின் திறமை. அதைச் சொல்லாமல் அவர் பெயரை மட்டும் சொல்வது அவருக்கே செய்யும் குறை என்பது என் எண்ணம்.

சமீபத்தில் ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பலகை வந்தது. நடுவில் அல்லி மலர் ஏந்திய பெண், சுற்றிலும் நீண்டு வளையும் தண்டுகள். ஹீட்டர் ஓடும் அறையில் பல குளிர்காலங்களைக் கழித்திருக்க வேண்டும். காற்று காய்ந்து, அடிமரம் சுருங்கி, தகடுகள் ஓரம் ஓரமாக எழும்பி நின்றன. விரல் நகத்தால் தட்டினால் ஒட்டியிருக்கும் இடம் கனமாகவும், விட்டுப்போன இடம் பொக்கையாகவும் ஒலிக்கும். இப்படித் தட்டிக் கேட்டே முழுப்பலகைக்கும் ஒரு வரைபடம் போட்டோம்.

பெண்ணின் தோளில் இருந்த நிழலைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தபோது அது சாயம் இல்லை என்று தெரிந்தது. காய்ச்சிய மணலில் தகட்டின் விளிம்பைச் சில நொடிகள் புதைத்து எடுத்தால் அந்த ஓரம் மட்டும் கருகும். உள்ளே போகப் போகப் பழுப்பாகி, மரத்தின் இயல்பு நிறத்தில் கரைந்துவிடும். ஒரு நொடி கூடினால் தகடு கரியாகும், குறைந்தால் நிழலே விழாது. தோளின் வளைவு முழுக்க அந்தக் கருகல் ஒரே அளவாக ஓடியிருந்தது. இதைச் செய்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கை எவ்வளவு தேர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

எழும்பிய தகடுகளை மீண்டும் படிய வைப்பதில் அந்தக் காலத்துக் கைவினைஞர்களே எங்களுக்கு உதவி செய்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒட்டியது வச்சிரத்தால். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சும் அந்தப் பசை, ஈரமும் மிதமான சூடும் பட்டால் நூறு ஆண்டுக்குப் பிறகும் இளகும். அதனால் நாங்களும் வச்சிரத்தையே ஊசியால் ஏற்றி, எடை வைத்து அழுத்துகிறோம். நாளைக்கு இன்னொருவர் கழற்ற வேண்டி வந்தால் அவருக்கும் வழி இருக்க வேண்டும். மேற்பூச்சு அரக்கு. அக்காலத்தில் உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேற்றும் அந்தப் பூச்சின் ஆழம், பின்னாளில் அடித்த செயற்கை வார்னிஷில் வராது.

எனக்கு உண்மையிலேயே மனம் நோகும் இடம் உப்புத்தாள். தகடு மிக மெல்லியது. புதுசாக்குகிறேன் என்று யாரோ தேய்த்த தேய்ப்பில் முகத்தின் கோடுகள் போய்விடும். அதே காலத்து இன்னொரு மரச்சாமான் கலைஞர் ஜுவான் புஸ்கெட்ஸின் சாமான்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. 1840-ல் தொடங்கிய குடும்பத் தொழிலின் வாரிசு அவர். பழுக்கக் காய்ந்த உலோக முனையால் மரத்தில் சுட்டுச் சுட்டுக் கோடு இழுத்துப் பூவும் உருவமும் வரைவது அவர் பட்டறையின் சிறப்பு. சூட்டுக்கோடு மரத்தின் மேல்தோலில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்தெடுத்தால் மிஞ்சுவது வெறும் பலகை. எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது.

கட்டடக் கலைஞர் கௌடியின் நாற்காலிகளில் இந்தப் படவேலை எதுவும் இல்லை. பார்சிலோனாவின் பாட்யோ இல்லத்துச் சாப்பாட்டு அறைக்கு அவர் வடிவமைத்தவை, உட்காருபவரின் உடலுக்கு இசைந்து குழிந்த மரம், அவ்வளவுதான். அவற்றைச் செய்தது காசாஸ் இ பார்தேஸ் பட்டறை. அந்த வளைவுகளை உளியால் எட்டிப் பிடித்த தச்சர்களை யார் நினைக்கிறார்கள்?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களை நான் கத்தலோனியாவின் ரெயுஸ் நகருக்குப் போகச் சொல்வேன். அங்கே துணி வணிகர் நவாஸுக்காக 1901-ல் தொடங்கிய வீட்டில், ஒமாரின் சாமான்கள் எந்த அறைகளுக்காகச் செய்யப்பட்டனவோ அந்த அறைகளிலேயே இன்றும் நிற்கின்றன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சில் வீட்டின் கோபுரம் போனது, உள்ளறைகள் தப்பின. சன்னல் கண்ணாடியின் நிறம், சுவரின் பூ, நாற்காலி முதுகின் வளைவு எல்லாம் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வதை அருங்காட்சியக மேடையில் பார்க்க முடியாது.

தலைமாட்டுப் பலகை முடிந்ததும் சொந்தக்கார அம்மா அறிக்கையில் ஒமார் பெயரைப் போடச் சொன்னார். முகம் புடைப்பாக இல்லை, தட்டையாக இருந்தது. அது ஒன்றே முடிவாகாது என்றாலும், முத்திரையோ ரசீதோ வரைபடமோ எதுவுமே கிடைக்கவில்லை. “தெரியாததை எழுத மாட்டோம் அம்மா” என்றார் எங்கள் மூத்தவர். பதிலாக வெட்டு, மணல் நிழல், பசை, பழைய பழுது என்று ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதி, செய்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தை வெறுமையாகவே விட்டோம். அந்த அம்மாவுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் உட்கார்ந்து முழு அறிக்கையையும் படித்துவிட்டு, அந்தத் தோளின் நிழலை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டார். ஒரு துண்டுத் தகட்டை எடுத்து, மணலைக் காய வைத்து, செய்தே காட்டினேன்.