ரெண்டாவது எழுத்து

மார்ச் 3, 2025, திங்கள்

கல்யாண லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் லேப்ல கால் வச்சேன். மூணு வாரத்துல மெயில் 400க்கு மேல குவிஞ்சு கிடக்கு, அதுல மேலாப்புல ஹெச்ஆர் மெயில். வாழ்த்துகள்னு ஒரு வரி, அடுத்த வரியே "பெயர் மாற்றம் இருப்பின் இணைப்பில் உள்ள படிவத்தை இம்மாத இறுதிக்குள் அனுப்பவும்". இருப்பின். இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலையே. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் இவரும் பேசாத விஷயமில்ல, கடன் எவ்வளவு இருக்குங்கறதுல இருந்து யாரு குறட்டை விடுவாங்கங்கறது வரைக்கும் பேசியாச்சு, இதை மட்டும் ரெண்டு பேருமே தொடவே இல்ல, தொடணும்னு தோணவும் இல்ல.

பக்கத்து சீட்டுப் பையன் வேற "மேடம், உங்க மெயில் ஐடி எப்ப மாறும்?"னு கேக்குறான். மாறுமான்னு கேக்கல பாருங்க. எப்பன்னு கேட்டான்.

மார்ச் 5, புதன்

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன், நான் வேலை பாக்கிறது ஒரு மருந்து கம்பெனியோட க்யூசி லேப்ல. மாத்திரை வெளிய போறதுக்கு முன்னாடி உள்ள மருந்து சரியான அளவுல இருக்கா, ஒழுங்கா கரையுதா, இம்ப்யூரிட்டி எவ்வளவுன்னு பாத்துக் கையெழுத்து போடுற கூட்டத்துல நானும் ஒருத்தி. எங்களுக்குப் பேருங்கறது கூப்பிட மட்டும் இல்ல. தராசுல பவுடர் எடை போட்டா ஒரு துண்டுச் சீட்டு பிரிண்ட் ஆகி வரும், அதுல இன்ஷியல், தேதி. கரைசல் பாட்டில் லேபிள்ல இன்ஷியல். ஒரு எண்ணைத் தப்பா எழுதிட்டா ஒயிட்னர் பூசக்கூடாது, மேலயே திருத்தி எழுதவும் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும், அடிச்சது அப்புறமும் படிக்கிற மாதிரி இருக்கணும், பக்கத்துல சரியான எண், இன்ஷியல், தேதி, ஏன் மாத்தினேன்னு காரணம். சேர்ந்த முதல் வாரமே இது மண்டைல ஏறிடும்.

இன்னைக்கு எத்தனை தடவை இன்ஷியல் போடுறேன்னு சும்மா எண்ணிப் பாத்தேன், மதியத்துக்குள்ளயே 37. ஏழு வருஷமா அதே ஆர்.எஸ். 'ஆர்' நானு, 'எஸ்' அப்பா. அந்த 'எஸ்'ஸோட வாலை அப்படியே இடதுபக்கமா இழுத்து ரெண்டு எழுத்துக்கும் அடில ஒரு கோடா விட்டுடுவேன், பேனாவைத் தூக்கவே மாட்டேன். யோசிச்சு பண்றதில்ல, கை தானா போகும். இப்ப 'எஸ்' போய் இவரோட 'கே' வந்தா வால் எங்க இருந்து இழுக்கிறது? ராத்திரி ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி ஆர்.கே., ஆர்.கே.ன்னு பத்து இருபது தடவை போட்டுப் பாத்தேன். யாரோ என் கையெழுத்தைக் காப்பியடிக்கிற மாதிரி இருந்துச்சு.

மார்ச் 8, சனி

இவரு கிட்ட கேட்டேன். "உன் இஷ்டம்"னுட்டாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா யோசிச்சுப் பாத்தா, ரெண்டு பேரு கல்யாணம் பண்ணி ஒருத்தருக்கு மட்டும் வீட்டுப்பாடம் வந்திருக்கு, இன்னொருத்தரு பெருந்தன்மையா ஒதுங்கிக்கிறாரு. "சரி, நீங்க மாத்திப்பீங்களா?"ன்னேன். சிரிச்சாரு. நான் சிரிக்கலைன்னதும் நிறுத்திட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரா வந்து "உண்மையச் சொல்லவா, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு பின்னாடி வந்தா நல்லாருக்கும்னு ஒரு ஆசை இருந்துச்சு, ஏன்னு கேட்டா தெரியாது"ன்னாரு. அந்த "உன் இஷ்டம்"ஐ விட இது எவ்வளவோ மேல். ஆசைன்னு சொன்னா அதுக்குப் பதில் பேசலாம்ல.

அத்தை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு துணி மடிச்சிட்டு இருந்தாங்க. மாத்துன்னுதான் சொல்லப் போறாங்கன்னு நான் முறுக்கிக்கிட்டு ரெடியா இருந்தேன். அவங்க சொன்னது வேற: "எங்களை எல்லாம் யாரும்மா கேட்டாங்க, மாத்தியாச்சு. ரிட்டயர் ஆனப்பதான் வினையே. சர்டிபிகேட்ல ஒரு பேரு, சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு பேரு, ரெண்டும் ஒரே பொம்பளதான்னு எழுதிக் கொடுத்து, அதுக்கு ரெண்டு சாட்சி வேற. நான்தான் நான்னு சொல்ல எனக்கு ரெண்டு ஆளு." சொல்லிட்டு மடிச்ச துணிய எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

மார்ச் 13, வியாழன்

ஒரு அறிவாளி கேள்வி இருக்கு, இந்தப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, இன்னைக்கு லஞ்ச்ல கேட்டாங்க: "அதுவும் ஒரு ஆம்பள பேருதானே, அப்பா பேரை எடுத்துட்டு புருஷன் பேரு, இதுல என்ன புரட்சி?" நான் எங்கய்யா புரட்சி பண்றேன்னு சொன்னேன். அப்பா பேருதான், இல்லைங்கல. ஆனா அது எனக்கு வந்து 31 வருஷம் ஆச்சு. அதுலதான் பரீட்சை எழுதினேன், அதுலதான் திட்டு வாங்கினேன், ஒரு தடவை மெஷின்ல தப்பான காலம், அதாவது மருந்தைப் பிரிக்கிற குழாயைப் போட்டு, ஒரு முழு ராத்திரி ஓடின டெஸ்டை வீணாக்கிட்டு அந்தத் தப்பையும் அந்தப் பேருலதான் எழுதிக் கொடுத்தேன். நம்ம வசவையெல்லாம் வாங்கின பேரு நம்ம பேருதான்.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "என் பேருக்காகவெல்லாம் பாக்காதம்மா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்"ன்னாரு. நினைக்க மாட்டேன்னு அவரு ரெண்டு தடவை சொன்னாரு.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கம் வரல, போனை நோண்டிக்கிட்டே படுத்திருந்தேன். அமெரிக்காவுல லூசி ஸ்டோன்னு ஒருத்தங்க, 1855ல கல்யாணம், புருஷன் பேரு ஹென்றி பிளாக்வெல், இவங்க ஸ்டோனாவே இருந்துட்டாங்க. 1879ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பொம்பளைங்களுக்கு ஸ்கூல் கமிட்டி தேர்தல்ல மட்டும் ஓட்டுப் போட அனுமதி வருது. இவங்க வாழ்நாள் பூரா ஓட்டுக்காகவே ஊர் ஊரா பேசினவங்க. பதிவு பண்ணப் போனா, பிளாக்வெல்னு எழுதினாத்தான் சேர்ப்போம்னுட்டாங்க. எழுதல. அந்த ஓட்டைப் போடவே இல்ல. எனக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது, நான் எழுதிட்டு ஓட்டுப் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன், ஆனா படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன்.

நம்ம லைன்லயே இன்னொருத்தங்க, டோரதி ஹாட்ஜ்கின், பெனிசிலினோட அமைப்பை எக்ஸ்ரே வச்சுக் கண்டுபிடிச்சவங்க. 1937ல கல்யாணம், ஆனா அதுக்கப்புறமும் 1949 வரைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையில டோரதி குரோஃபுட்ங்கற பழைய பேருதான். 1964ல நோபல் வந்தப்ப கடைசிப் பேரு ஹாட்ஜ்கின். அவங்க ஆரம்பகால வேலையத் தேடணும்னா பழைய பேரு, புதுப் பேரு ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். நோபல் வாங்கினவங்களுக்கு யாராவது தேடிக் குடுத்துடுவாங்க, நம்மளை மாதிரி ஆளுக்கு?

ஜப்பான்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேருதான் இருக்கணும்னு சட்டமாம். யாரோடதுன்னு சட்டம் சொல்லல, ஆனா மாத்திக்கிறது சுமார் 95 சதவீதம் பொண்டாட்டிதான். 2015லயும் 2021லயும் சுப்ரீம் கோர்ட் அது செல்லும்னே சொல்லிடுச்சு. கனடாவோட கியூபெக்ல அப்படியே உல்டா, 1981ல இருந்து கல்யாணம் ஆனாலும் பிறந்த பேருதான் உன் பேரு. அர்த்த ராத்திரில எனக்குத் தோணினது என்னன்னா, அவங்களுக்கெல்லாம் ஹெச்ஆர் மெயில் பாத்து முழிச்சிட்டு உக்காரற வேலை இல்ல.

மார்ச் 19, புதன்

நேரா க்யூஏவுக்கே, அதாவது எங்க ரெக்கார்டையெல்லாம் சரிபாக்கிற தர உறுதிப் பிரிவுக்கே போய்க் கேட்டேன். கையெழுத்து ரிஜிஸ்டர்னு ஒண்ணு அவங்ககிட்ட இருக்கு, லேப்ல யாரெல்லாம் கையெழுத்து போடலாமோ அவங்க பேரு, முழுக் கையெழுத்து, இன்ஷியல், எந்தத் தேதில இருந்துன்னு எல்லாம் மாதிரி போட்டு வாங்கியிருப்பாங்க. எந்தப் பக்கத்துல எந்த எழுத்து இருந்தாலும் அது இன்னாருதுன்னு அதை வச்சுத்தான் சொல்லணும். மாத்தினா பழைய வரியை எடுக்க மாட்டாங்க, அதுல முடிவுத் தேதி போட்டுட்டு கீழ புது வரி. கம்ப்யூட்டர்லயும் அதேதான், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட பார்ட் 11 விதி 1997லயே சொல்லிடுச்சு, ஒருத்தரோட எலக்ட்ரானிக் கையெழுத்தை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ஆக நான் மாத்தினா பிரச்சனை ஒண்ணும் வராது, ரெண்டு வரி ஆயிடுவேன், அவ்வளவுதான்.

அப்புறம் க்யூஏக்காரர் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, "ஆனா ஆர்.கே. ஏற்கனவே இருக்கே"ன்னாரு. பாத்தா என் பக்கத்து சீட்டுப் பையன்! மெயில் ஐடி எப்ப மாறும்னு கேட்டானே அவனேதான். ஒரே இன்ஷியல் ரெண்டு பேருக்குத் தர முடியாது, அதனால எனக்கு மூணு எழுத்தோ, இல்ல ஆர்.கே.2ன்னோ தரலாமாம். ஏழு வருஷம் வேலை பாத்துட்டு, ரெண்டு வருஷம் முன்னாடி வந்த பையனுக்குக் கீழ நான் ரெண்டாம் நம்பர்.

சிரிச்சிட்டேதான் பக்கத்தைத் திருப்பினேன். சீனியர் அக்கா ஒருத்தங்க பேரு மட்டும் மூணு வரில இருந்துச்சு. முதல் வரி கல்யாணத்துக்கு முன்னாடி. ரெண்டாவது வரில காரணம்: திருமணம். மூணாவது வரில மறுபடி பழைய பேரு, காரணம்: பெயர் மாற்றம். அவ்வளவுதான் எழுதியிருந்தது. கேக்கலாமா வேணாமான்னு தெரியாம சாயங்காலம் கை கழுவுற இடத்துல கேட்டுட்டேன். அவங்க டவலைத் தேடிக்கிட்டே சொன்னாங்க, "அந்தக் காரணம் கட்டத்துல என்ன எழுதறதுன்னு அரைமணி நேரம் உக்காந்திருந்தேன்டி. கோர்ட்ல கூட அவ்வளவு நேரம் ஆகல." மாத்துன்னும் சொல்லல மாத்தாதன்னும் சொல்லல. ஆடிட் வந்தப்ப இன்ஸ்பெக்டர் அந்த மூணு வரியையும் காட்டி இவங்களான்னு கேட்டாராம், ஆமா மூணும் நான்தான்னாங்களாம்.

மார்ச் 24, திங்கள்

ஆபீஸ்ல பழசு, மத்த எல்லாத்துலயும் புதுசுன்னு நடுவுல ஒரு வழி இருக்கேன்னு பாத்தேன். தோழி ஒருத்தி அப்படித்தான் இருக்கா, ஆபீஸ் அவளுக்கு ஊழியர் பட்டியல்ல இருந்த பேருல டிக்கெட் போட்டுடுச்சு, பாஸ்போர்ட்ல வேற பேரு, கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஓடி ஓடி மாத்தினா. வேணாம்பா.

இவருகிட்ட மூணு வரிக் கதையச் சொன்னேன். பயந்துட்டாரு, "நம்ம அந்த மாதிரி ஆகப் போறமா என்ன?"ங்கறாரு. அதுக்காகச் சொல்லல. நாளைக்கு எவனோ ஒருத்தன் 2019ல போட்ட ஒரு டெஸ்டைத் தூக்கிட்டு வந்து இது யாருன்னு கேட்டா, விளக்கம் சொல்லாம நான்னு சொல்லணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "குழந்தை வந்தா அதுக்கு யாரு பேரு?"ன்னாரு. அதுக்குத் தனியா ஒரு நாட்குறிப்பு எழுதணும் சாமி.

அந்த ஆசை அவருக்கு இன்னும் போகலைன்னு தெரியும். முகத்துலயே இருக்கு. போய்டுச்சுன்னு அவரு பொய் சொல்லாததால சண்டை இல்லாம படுத்தோம்.

மார்ச் 28, வெள்ளி

ஹெச்ஆருக்கு அனுப்பிட்டேன். மாத்தலைன்னு சொல்ல அந்தப் படிவத்துல ஒரு கட்டம் கூட இல்ல, பழைய பேரு, புதிய பேரு, ரெண்டுமே நட்சத்திரக் குறி போட்டது, நிரப்பலைன்னா போகவே மாட்டேங்குது. ரெண்டுலயும் ஒரே பேரை அடிச்சு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல போன்: "மேடம், தப்பா நிரப்பிட்டீங்க போல." இல்லம்மா சரியாத்தான் நிரப்பியிருக்கேன், நாமினி பேரை மட்டும் மாத்திக்கோன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம்னு வச்சுக்கலாம். காலைல தராசுச் சீட்டுல இன்ஷியல் போட்டுட்டு நோட்டுல ஒட்டிட்டேன். பதினோரு மணிக்கு ரிவ்யூவர் நோட்டைத் தூக்கிக்கிட்டு நேரா பக்கத்து சீட்டுக்குப் போய் அந்தப் பையன்கிட்ட "எடை போட்டது நீயா?"ன்னு கேக்குறாரு. அவன் முழிக்கிறான், "சார், நான் இன்னைக்கு தராசு ரூமுக்கே போகலையே." எட்டிப் பாத்தேன். என் கையெழுத்தேதான், ஆர்.கே.ன்னு, கோணலா, வாலில்லாம. அந்தக் காலண்டர் தாள்ல போட்டுப் பழகினது எங்கேயோ உள்ள போய் உக்காந்திருக்கு போல. 37 தடவையும் தானா போற கை, இன்னைக்குப் பாத்து இப்படி.

நோட்டை வாங்கி ஒரு கோடு போட்டு அடிச்சேன், பக்கத்துல ஆர்.எஸ்., தேதி. காரணம்னு எழுதற இடத்துல பேனா ஒரு செகண்ட் நின்னுச்சு. அப்புறம் எல்லாரும் எழுதற மாதிரி "எழுத்துப் பிழை"ன்னு எழுதிட்டு, அதுக்குக் கீழயும் ஒரு இன்ஷியல் போட்டுக் குடுத்தேன்.