இறுதிச் செயல்திட்டத்தில் இலக்கியக் கூறுகள்: எதைச் செய்யச் சொல்வது, எதற்கு மதிப்பெண் தருவது

கதையில் வரும் உவமையை அடிக்கோடிடத் தெரிந்த மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த உவமையை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. களம், கதைமாந்தர், கதைப்பின்னல், நோக்குநிலை (கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பது), குறியீடு, முரண், தொனி என்று இலக்கியக் கூறுகள் எல்லாவற்றையும் வரையறையோடு மனப்பாடம் செய்திருப்பார்கள். இவை எழுதுபவர் பக்கத்துக்குப் பக்கம் எடுக்கும் முடிவுகள் என்பது மட்டும் பிடிபட்டிருக்காது. பருவ இறுதியில் ஒரு படைப்புச் செயல்திட்டம் கொடுப்பது இதற்காகத்தான். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மாணவரே போய் நிற்பார்.

எல்லாச் செயல்திட்டமும் இந்த வேலையைச் செய்துவிடாது. கதை நடக்கும் வீட்டை அட்டையில் செய்வதும், நாயகியின் படத்தை வரைந்து சுற்றிலும் குணங்களை எழுதுவதும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கதைச்சுருக்கம் மட்டும் படித்தவரும் அவற்றைச் செய்துவிடலாம். ஒரு பணியைக் கொடுக்கும் முன் ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: கூறு புரியாத மாணவர் இதில் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்? அப்படி ஓர் இடமே இல்லையென்றால் பணியை மாற்ற வேண்டும். அந்த அட்டை வீட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் காட்சியில் ஒன்று, கடைசிக் காட்சியில் ஒன்று என ஒரே அறையை இரண்டு முறை செய்ய வேண்டும், இரண்டுக்கும் இடையே 3 பொருள்கள் மட்டுமே மாறலாம் என்று நிபந்தனை போட்டுவிட்டால், களம் கதையோடு எப்படி நகர்கிறது என்று யோசித்தே தீர வேண்டும்.

நோக்குநிலைக்கு மிகவும் பொருத்தமான பணி, ஒரு காட்சியை வேறொரு பாத்திரத்தின் வாயால் திருப்பி எழுதுவது. மூலக் காட்சி 2 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மாணவர் எழுதுவது 300 முதல் 400 சொற்கள் இருந்தால் போதும். தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விகுதியை மாற்றினாலே 'நினைத்தாள்' என்பது 'நினைத்தேன்' ஆகிவிடுகிறது. அப்படியே வரிசையாக மாற்றிக்கொண்டு போய், வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு சின்ன எடுத்துக்காட்டு: 'மகன் வாசலைத் தாண்டினான். அவன் பையில் கடிதம் இருப்பது தாய்க்குத் தெரியாது.' இதைத் தாயே சொல்வதாக எழுதச் சொன்னால் பலரிடமிருந்து வருவது, 'அவன் பையில் கடிதம் இருப்பது எனக்குத் தெரியாது.' தனக்குத் தெரியாத கடிதத்தைப் பற்றி அவளால் எப்படிப் பேச முடியும்?

இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் சும்மா இருக்க வேண்டும். கடிதத்தை விட்டுவிடலாம் என்பார் ஒருவர். அப்படியானால் வாசகருக்கு அது எப்படித் தெரியவரும் என்று அடுத்த கேள்வி எழும். அவன் பையை வழக்கத்தைவிட இறுக்கமாக அணைத்திருப்பதைத் தாய் கவனிக்கட்டும் என்பார் இன்னொருவர். 'அப்போது எனக்குத் தெரியாது' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கலாம் என்றும் யாராவது கண்டுபிடிப்பார். அந்தச் சொல் சேர்ந்ததும் தாய் பல காலம் கழித்து நினைத்துப் பார்த்துச் சொல்பவளாகிறாள்; கதை சொல்லப்படும் காலமே மாறிவிடுகிறது. அரை மணி நேர விளக்கத்தைவிட இந்தச் சிறு விவாதம் ஆழமாகப் பதியும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளை மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இந்தப் பாத்திரம் கண்டது, கேட்டது, அறிய வழியில்லாதது. மூன்றாவது கட்டத்தில் குறைந்தது 4 செய்திகளாவது வரும்வரை எழுத விடக் கூடாது. அது வெறுமையாக இருந்தால் மூலக் காட்சியை இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள்.

குறியீட்டுக்குப் பெரும்பாலும் பொருள்பெட்டி செய்யச் சொல்வார்கள்: கதையிலிருந்து ஐந்து பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க அட்டை. கண்ணில் படுவதெல்லாம் இங்கே குறியீடாகிவிடும். நாற்காலி அதிகாரம், சன்னல் விடுதலை, மழை கண்ணீர். பிழை மாணவருடையது அல்ல. பெட்டியை நிரப்ப ஐந்து வேண்டும். ஒரு சிறுகதையில் அத்தனை குறியீடுகள் இருப்பது அரிது. இரண்டு குறியீடுகள் மட்டும் கேட்டு, மூன்றாவதாக, குறியீடுபோலத் தோன்றினாலும் வெறும் பொருளாகவே நிற்கும் ஒன்றை, ஏன் அது குறியீடு அல்ல என்ற காரணத்தோடு வைக்கச் சொன்னால் நிலைமை மாறும். புரிதல் இருக்கிறதா என்று அந்த மூன்றாவது அட்டையிலேயே தெரிந்துவிடும். அந்தப் பொருள் ஒரு முறைக்கு மேல் வருகிறதா, கதை திரும்பும் இடத்தில் இருக்கிறதா, முதலில் தந்த அர்த்தத்தையே கடைசியிலும் தருகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். ஒரே ஒரு முறை வந்து குறியீடாகிவிடும் பொருள்களும் உண்டுதான். தொடக்கத்தில் இந்த அளவுகோல் போதும்.

'கருப்பொருள்' என்ற சொல்லில் எச்சரிக்கை வேண்டும். முதல், கரு, உரி என்ற மூவகைப் பொருள் பகுப்பைச் சங்கப் பாடல்களுக்குப் படித்தவருக்கு அது நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, தொழில். தற்காலக் கதையைப் பேசும்போது அதே சொல்லைக் கதையின் மையத்துக்கும் பயன்படுத்துகிறோம். கருப்பொருளைக் காட்டும் சுவரொட்டி கேட்டதற்கு மரத்தையும் பறவையையும் வரைந்து வருபவர்மேல் குற்றமில்லை. பணித்தாளில் 'மையக்கருத்து' என்றே அச்சிட்டுவிடலாம். அதையும் பயனிலையோடு முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். 'வறுமை' என்பது தலைப்பு. 'வறுமை நெருங்கியவர்களிடமே பொய் சொல்ல வைக்கிறது' என்பதைத்தான் கதையோடு உரசிப் பார்க்க முடியும்.

கதைப்பின்னலுக்கு 6 கட்டச் சித்திரக்கதை நன்றாக வரும். திருப்பம் வரும் கட்டம் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. களத்துக்கு 4 நிமிட வானொலி நாடகம். அறிவிப்பாளர் குரல் கூடாது, இடமும் நேரமும் ஒலியிலும் உரையாடலிலும் தெரிய வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பார்த்துத்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். பக்கக் கணக்கு ஏமாற்றும். காணொளி கேட்பவர்களுக்கு 3 நிமிட வரம்பும், காட்சி வரிசையைத் தாளில் காட்டிய பிறகே படப்பிடிப்பு என்ற விதியும் வேண்டும். பின்னணி இசையைக் கடைசியில்தான் சேர்க்க விட வேண்டும். வசனமும் காட்சியும் தர வேண்டிய தொனியை இசையின்மேல் சுமத்திவிடுவது மிக எளிது.

நேரத்தை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டுக் கடைசி நாளில் வாங்கிப் பார்ப்பதுதான் பெரிய தவறு. வீட்டில் யார் செய்தது என்பதும் தெரியாது, வழிதவறியவரைத் திருப்பவும் முடியாது. 45 நிமிடப் பாடவேளைகள் 12 இருந்தால், முதல் இரண்டில் ஆசிரியர் செய்த இரு மாதிரிகளை மாணவர்களையே மதிப்பிடச் சொல்லலாம். ஒன்று அழகானது, உள்ளே ஒன்றுமில்லாதது. மற்றது பார்க்கச் சுமார், ஆனால் யோசித்துச் செய்தது. மூன்றாவது வேளையில் அரைப்பக்கத் திட்டம். அடுத்த ஐந்து, வகுப்பிலேயே வேலை. அதன் நடுவில் வரைவுச் சோதனை. பிறகு இரண்டு வேளை விளக்கக் குறிப்பு, கடைசி இரண்டு காட்சிப்படுத்தல்.

விளக்கக் குறிப்பைக் கையால், வகுப்பில் உட்கார்ந்து எழுத வேண்டும். மூன்று முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தேன், வேறு எதை யோசித்துக் கைவிட்டேன், கதையின் எந்த வரி அதற்கு ஆதாரம் என்று பக்க எண்ணோடு. கைவிட்டதைப் பற்றிய வரி மிக முக்கியம். வேறெங்கிருந்தோ எடுத்து வந்தவரால் அதை நம்பும்படி எழுத முடியாது. 50 மதிப்பெண்ணில் குறிப்புக்கு 20, படைப்புக்கு 15, திட்டத்துக்கும் வரைவுக்கும் 10, செய்நேர்த்திக்கு 5 என்று வைத்தால் படம் வரையத் தெரியாதவரும் பயமின்றி வருவார். குழுவென்றால் மூவருக்கு மேல் வேண்டாம், குறிப்பு ஆளுக்கொன்று.

காட்சிப்படுத்தும்போது 40 பேர் தலைக்கு 5 நிமிடம் பேசினால் 200 நிமிடம் போய்விடும்; பத்தாவது ஆளுக்குப் பிறகு கேட்பாரும் இருக்கமாட்டார்கள். பாதிப்பேர் தம் படைப்பின் அருகே நிற்க, மீதிப்பேர் சுற்றி வரட்டும். அடுத்த வேளையில் இடம் மாறிக்கொள்ளலாம். சுற்றி வருபவர் நான்கு படைப்புகளுக்கு ஒரு சீட்டில் பதில் எழுத வேண்டும்: இதில் எந்த ஒரு முடிவை மாற்றினால் மீதியெல்லாம் குலையும்? அந்தச் சீட்டைப் படைத்தவர் வாங்கி, தான் நினைத்த முடிவும் அதுதானா என்று கீழே இரண்டு வரி எழுதி, குறிப்போடு இணைத்துக் கொடுக்கிறார்.